உணர்ச்சியை ஓரங்கட்டாமல் எதிக்ஸ் கேஸ் எழுதுவது எப்படி

குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு எதிக்ஸ், அதாவது அறநெறித் தாள் சொல்லித் தருகிறேன். 2013-இல் வந்த தாள் அது. ஜிஎஸ் நான்காம் தாள், 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். கிட்டத்தட்டப் பாதி மதிப்பெண் கேஸ் ஸ்டடிகளுக்கு, அதாவது ஒரு சிக்கலான சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விகளுக்குப் போகிறது. திருத்துவதற்கு என் மேஜைக்கு வரும் விடைத்தாள்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "உணர்ச்சிகளுக்கு இடம் கொடுக்காமல், அறிவின் அடிப்படையில் நடுநிலையாக முடிவெடுப்பேன்." அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். அது உண்மையில்லை. எழுதியவரின் முடிவு அதற்கு நாலு வரி முன்பே, கேஸில் வரும் பாட்டியைப் பார்த்து மனசு இளகிய இடத்திலேயே, எடுத்தாகிவிட்டது.

இன்னொரு கூட்டம் "என் மனசாட்சி சொல்வதைக் கேட்பேன்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடும். மனசாட்சி என்ன சொன்னது, எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

உணர்ச்சி சும்மா வருவதில்லை, எதையோ பார்த்துவிட்டுத்தான் வருகிறது. எதைப் பார்த்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், அது பொருட்படுத்த வேண்டிய விஷயம்தானா என்று அறிவை வைத்து யோசிக்க வேண்டும். என் வகுப்பில் செய்வது இவ்வளவுதான். எப்படிச் செய்வது என்பதை நான் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு கற்பனைக் கேஸை வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் சார் ஆட்சியர். ஒரு கண்மாயின் கரையிலும் உபரிநீர் போகும் வாய்க்காலிலும் நாற்பது வீடுகள் இருக்கின்றன. முப்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள். கரண்ட் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பட்டா இல்லை. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு ஆறு வாரம். வாய்க்கால் அடைபட்டே இருந்தால் கீழே உள்ள மூன்று ஊர்களுக்குள் தண்ணீர் புகும் என்கிறது நீர்வளத்துறை அறிக்கை. கடைசி வீட்டில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். "என்னைப் பொதைச்சிட்டு இடிங்க" என்கிறாள். அதே கரையில் ஒரு கட்சிப் பிரமுகரின் கல்யாண மண்டபம் நிற்கிறது. அதற்கு மட்டும் இடைக்காலத் தடை வாங்கி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

முதலில் முடிவு, அப்புறம் காரணம்

கேஸைப் படித்த கையோடு ஒரு துண்டுச் சீட்டில் முடிவை மட்டும் எழுதுங்கள். அகற்றுவேன், மாட்டேன், தள்ளிப்போடுவேன், இப்படி ஒரு வரி போதும். காரணம் எழுதக் கூடாது. சீட்டை மடித்து வைத்துவிடுங்கள்.

எதற்கு இது? ஜோனதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அறம் பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் சட்டென்று உணர்வாக வந்துவிடுகின்றன, காரணங்களை நாம் பிறகுதான் தேடுகிறோம் என்றார். உணர்ச்சிதான் நாய், அறிவு அதன் வால் என்பது அவர் வைத்த உருவகம். அதற்கு முன்பே, 1993-இல் அவரும் கூட்டாளிகளும் பிரேசிலின் ரெசிஃபி, போர்ட்டோ அலெக்ரி நகரங்களிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவிலும் சில கதைகளைச் சொல்லி மக்களின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். கார் மோதிச் செத்த வளர்ப்பு நாயை ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடுகிறது. ஒரு பெண் பழைய தேசியக் கொடியைக் கிழித்துக் கழிவறை துடைக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தீங்கில்லை. ஆனாலும் பலர் தப்பு என்றார்கள்.

கொடிக் கதையை நான் வகுப்பில் சொன்னால் அரை நொடியில் "தப்பு மேடம்" என்று குரல் வரும். ஏன் என்று கேட்டால், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இல்லையா, "கொடி விதிகள் 2002 இருக்கே மேடம், சேதமான கொடியைத் தனியிடத்தில் மரியாதையாக எரிக்கச் சொல்லியிருக்கே" என்பார்கள். சரி, அந்த விதியே இல்லாத நாட்டில் என்றால்? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் "அப்பவும் தப்புதான்" என்பார்கள். அப்படியானால் விதி அவர்களின் காரணமே இல்லை. முடிவு வந்த பிறகு பிடித்து வந்த காரணம். முடிவை முதலில் சீட்டில் எழுதச் சொல்வது இதற்குத்தான். பின்னால் நீங்கள் அடுக்கப்போகும் காரணங்களில் எது உண்மையிலேயே உங்களை நகர்த்தியது, எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க அந்தச் சீட்டு வேண்டும்.

ஹைட்டைப் பாதி மட்டும் மேற்கோள் காட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. காரணமே வீண் என்று அவர் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து யோசித்து நம் கருத்தை நாமே மாற்றிக்கொள்வது அரிது, மற்றவர் பேச்சு நம்மை அதிகம் மாற்றுகிறது என்பது அவர் வாதத்தின் மறுபாதி. ஆகவே வீட்டில் தனியாகப் படிக்கிறவர்கள் கேஸ் பயிற்சிக்காவது இன்னொரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களோடு எப்போதும் ஒத்துப்போகிற ஆள் வேண்டாம்.

உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள்

"மனம் வருந்துகிறது" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. இரக்கமா, குற்ற உணர்வா, கோபமா, அருவருப்பா, பயமா? யார் மேல்? பயத்தை யாரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் இந்தக் கேஸில் அது நிறையவே இருக்கிறது. கிழவியின் மேல் இரக்கம் என்று எழுதியதைக் கொஞ்சம் கிளறினால், அவள் அழுகிற படம் மறுநாள் பேப்பரில் வந்து, கீழே தன் பெயர் இருக்குமே என்ற பயம் வெளியே வரும். இரக்கம் அவளைப் பற்றியது. பயம் உங்களைப் பற்றியது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் அடுத்த படி எதுவும் சரியாக வராது.

கோபம் பற்றி ஒரு விஷயம். பிள்ளைகள் ஒரே பத்தியில் வள்ளுவரையும் அரிஸ்டாட்டிலையும் அருகருகே நிறுத்தி, இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று எழுதுகிறார்கள். சொல்லவில்லை. "மறத்தல் வெகுளியை யார்மாட்டும்" என்பது வள்ளுவர். யாரிடமும் வேண்டாம், சினத்தை மறந்துவிடு என்கிறார். அரிஸ்டாட்டிலோ சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில் கோபப்படுவதுதான் கடினம் என்கிறார். கோபப்பட வேண்டிய விஷயத்தில்கூடக் கோபப்படாதவன் முட்டாளாகவே கருதப்படுவான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இது பெரிய கருத்து வேறுபாடு. இந்தக் கேஸில் கல்யாண மண்டபத்தைப் பார்த்ததும் எழும் கோபத்தை என்ன செய்வது என்பது நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் இந்த ஒரு விஷயத்தில் அரிஸ்டாட்டில் கட்சி. அந்தக் கோபத்தில் ஒரு தகவல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளாமல் விடுவது நஷ்டம்.

ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள்

முழு முறையிலும் முக்கியமான இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிராம் வண்டிக் கதை எல்லோருக்கும் தெரியும். ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி 1967-இல் ஒரு கட்டுரையில் அதைக் கொண்டுவந்தார். பிரேக் இல்லாத வண்டி, நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர். திருப்பலாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற இன்னொரு தத்துவவாதி 1976-இல் விவரத்தை மாற்றினார். நீங்கள் தண்டவாளத்துக்கு மேலே பாலத்தில் நிற்கிறீர்கள், பக்கத்தில் ஒரு பருமனான ஆள். அவரைத் தள்ளிவிட்டால் வண்டி நின்று ஐந்து பேர் பிழைப்பார்கள். கணக்கு அதேதான், ஆனால் மனசு கூசுகிறது. 2001-இல் ஜோஷுவா கிரீன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்களை மூளை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டபோது, கையால் தள்ளுவது போன்ற கேள்விகளில் உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின.

பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. 2009-இல் கிரீனும் கூட்டாளிகளும் பாலத்துக் கதையையே துண்டு துண்டாக மாற்றிப் பார்த்தார்கள். கையால் தள்ளினால் பத்துக்கு மூன்று பேர்தான் சரி என்றார்கள். கையால் தொடாமல் ஒரு கம்பால் தள்ளினால்? கிட்டத்தட்ட அதே மூன்று. அப்படியானால் தொடுவது பிரச்சினை இல்லை. பொத்தானை அழுத்தினால் அவர் காலடியில் கதவு திறந்து விழுவார் என்றால்? பத்துக்கு ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். ஆக, அந்த உணர்ச்சி பார்த்தது என் உடம்பின் பலம் நேராக அவர் மேல் செல்கிறதா என்பதை. அதோடு இன்னொன்றும்: அவரைக் கருவியாகப் பயன்படுத்தும் எண்ணமும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பலம் பெரிதாக உறுத்தியது.

இப்போது அறிவின் முறை. என் தசை பலம் ஒரு ஆளைக் கொன்றதா, பொத்தான் கொன்றதா என்பதில் அற வேறுபாடு உண்டா? எனக்குத் தெரிந்து கிடையாது. ஒரு மனிதனைக் கருவியாகப் பயன்படுத்துவதில் அற வேறுபாடு உண்டா? உண்டு, ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1785-இலேயே அதைத் தன் அறநெறியின் நடுவில் வைத்தார். ஒரே உணர்ச்சி இரண்டு விஷயங்களைப் பார்த்திருக்கிறது. ஒன்றைத் தள்ளலாம், இன்னொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். விவரத்தை மாற்றிப் பார்க்காமல் இதைப் பிரிக்கவே முடியாது.

நம் கண்மாய்க்கு வாருங்கள். முதல் மாற்றம்: நீங்கள் பொக்லைன் முன்னால் நிற்கவில்லை, அலுவலகத்தில் ஃபைலில் கையெழுத்து மட்டும் போடுகிறீர்கள். உங்கள் சீட்டில் இருந்த முடிவு மாறுகிறதா? மாறினால் உங்களைத் தடுத்தது கிழவியின் உரிமை இல்லை, நேரில் பார்க்கும் சங்கடம். இரண்டாவது மாற்றம்: கிழவிக்குப் பதில் முப்பத்தைந்து வயதில், தினமும் குடிக்கிற, வாய் நீளமான ஒரு ஆள். இரக்கம் போய்விடுகிறதா? வகுப்பில் பாதிப் பேருக்குப் போய்விடும். ஆனால் மாற்று இடம் இல்லாமல் ஒருவரைத் தெருவில் விடுவது தவறு என்றால், அது குடிகாரனுக்கும் தவறுதானே. மூன்றாவது: கல்யாண மண்டபத்தின் இடத்தில் ஓர் அனாதை இல்லம். கோபம் தணிகிறது, ஆனால் முழுசாக இல்லை. வக்கீல் வைக்க முடிந்தவருக்குத் தடை, முடியாதவருக்குப் பொக்லைன் என்ற உறுத்தல் மிஞ்சுகிறது. மிஞ்சுகிற அந்தத் துண்டுதான் விடைத்தாளில் வர வேண்டியது. கட்சிக்காரர் மேல் இருந்த ஆத்திரம் வர வேண்டியதில்லை.

முகம் தெரியாதவர்களைத் தேடுங்கள்

விடைத்தாள்களில் கிழவிக்குப் பத்து வரி இருக்கும், கீழே உள்ள மூன்று ஊர்களுக்கு "பொது நலன்" என்ற இரண்டு சொல் இருக்கும்.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்வேன். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் செய்தது. ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து ஆப்பிரிக்கப் பட்டினி நிவாரணத்துக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டார்கள். ரோகியா என்ற ஏழு வயது மாலி நாட்டுச் சிறுமியின் படமும் கதையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். லட்சக்கணக்கானோர் என்ற புள்ளிவிவரம் மட்டும் பார்த்தவர்கள் 1.14 தந்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள்? 1.43 தான். கணக்கைச் சேர்த்ததும் இரக்கம் குறைந்துவிட்டது. இதைவிட உறுத்துவது இன்னொன்று. முகம் தெரிந்தவருக்கு மனிதர்கள் அதிகம் தருகிறார்கள் என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது, ரோகியாவுக்குக் கிடைத்தது குறைந்தது, புள்ளிவிவர மக்களுக்குக் கிடைத்தது ஏறவில்லை.

அதாவது "நான் இப்போது பாரபட்சமில்லாமல் யோசிக்கிறேன்" என்று நினைக்கும்போது நாம் செய்வது பல நேரம் கிழவியின் முகத்தை அழிப்பது மட்டும்தான். கீழ் ஊருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே என் வகுப்பில் விதி வேறு. கிழவியைக் குறைக்காதே, கீழ் ஊரைக் கூட்டு. அவளுக்கு எழுதிய அதே அளவுக்குக் கீழ் ஊரில் ஒரு வீட்டை எழுது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் யாரை முதலில் தூக்குவார்கள், மாடு எங்கே கட்டியிருக்கிறது, விதைநெல் எந்த உயரத்தில் இருக்கிறது. உண்மையிலேயே வேலைக்குப் போன பிறகு கற்பனை எதற்கு, கண்மாய்க்குப் போகும் முன் கீழ் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்.

ஆதம் ஸ்மித் 1759-இல் முதலில் வெளிவந்த தன் அறநூலில் இதே சிக்கலைத் தொட்டார். சீனா முழுவதும் பூகம்பத்தில் போய்விட்டது என்று கேட்ட ஐரோப்பியன் வருத்தப்பட்டுவிட்டு நன்றாகத் தூங்குவான், நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகும் என்றால் தூங்க மாட்டான். ஆனாலும் தன் விரலைக் காக்க அத்தனை பேரைக் கொல்லச் சம்மதிப்பானா என்றால் மாட்டான். ஏன் என்று கேட்டு, உணர்வின் கட்சிக்காரரான ஸ்மித்தே அறிவு, கொள்கை, மனசாட்சி என்று பதில் சொல்கிறார். அவருடைய நண்பர் டேவிட் ஹியூமும் அப்படித்தான். அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை என்ற அவருடைய வரியை எல்லோரும் எழுதுவார்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் நமக்கு இயல்பாகவே பரிவு அதிகம், அதைப் பொதுவான ஓர் இடத்தில் நின்று திருத்திக்கொள்ள வேண்டும் என்று அதே மனிதர் சொன்னதை யாரும் எழுதுவதில்லை.

குறள் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடத்தில் 315-ஐச் சொல்வேன்: "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை." அடுத்தவர் வலியைத் தன் வலிபோல் எண்ணிக் காக்காத அறிவால் என்ன பயன் என்கிறார். "பிறிதின்" என்பதில் கிழவியும் கீழ் ஊரும் சேர்த்திதான்.

இன்னும் உணர்ச்சியை வெட்டிவிடலாம் என்பவர்களுக்கு

நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி சேதமானவர், புத்தி குறையவில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதி கொடுத்து எது வசதி என்று கேட்டதற்கு, டைரியை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இரண்டு தேதிகளின் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் டமாசியோவே இரண்டாவது தேதிக்கு வாருங்கள் என்றதும் சரி என்று கிளம்பிவிட்டார். 2007-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், அதே பகுதி சேதமான ஆறு பேர், ஐவரைக் காக்க ஒருவரைக் கையால் கொல்வது போன்ற கேள்விகளுக்கு மற்றவர்களைவிட எளிதாகச் சரி என்றார்கள். உணர்ச்சி போனால் நடுநிலை வந்துவிடும் என்பவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பார்க்கலாம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. 1848-இல் மண்டையில் இரும்புக் கம்பி பாய்ந்த ஃபினியஸ் கேஜ் கதையை எழுதி "அவர் மிருகமாகிவிட்டார்" என்று முடிக்காதீர்கள். அந்த மனிதர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைக் கோச் வண்டி ஓட்டிப் பிழைத்தார். கெட்ட நாற்றம் அடித்தால் தீர்ப்பு கடுமையாகும் என்ற ஆய்வையும் விட்டுவிடுங்கள். பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த விளைவு மிகச் சிறியது, ஒருவேளை இல்லாமலே இருக்கலாம் என்று வந்தது.

தாளில் எழுதும்போது

இத்தனையும் விடையில் வராது. ஒரு கேஸுக்கு 250 சொல்தான். உணர்ச்சிக்கு இரண்டு வாக்கியம் போதும், இந்த மாதிரி: "இந்த முதியவரின் நிலை என்னைப் பாதிக்கிறது. மாற்று இடம் இல்லாமல் அகற்றுவது தவறு என்பதை அது காட்டுகிறது, அகற்றவே கூடாது என்பதைக் காட்டவில்லை." இப்படி எழுதியவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். உணர்ச்சி எதுவரைக்கும் செல்லும், எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பின் செயல்கள். வாய்க்காலின் நேர் வழியில் இருக்கும் வீடுகள் முதலில், மழைக்கு முன். கரையில் இருப்பவை, நீதிமன்றத்தில் கால அவகாசம் கேட்டுவிட்டு அடுத்த கட்டத்தில். இடிக்கும் முன் வீட்டுமனைப் பட்டா. பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம். கிழவிக்கு அக்கம்பக்கத்தவரோடு சேர்த்தே இடம், முதியோர் ஓய்வூதியம் புது முகவரிக்கு. மண்டபத்துக்கு, அரசு வழக்கறிஞர் மூலம் தடையை நீக்கக் கோரும் மனு அதே வாரத்தில். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், அதிலேயே மூழ்க வேண்டாம்.

"ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து ஆறுதல் சொல்வேன்" என்று எழுதுகிறவர்கள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். நாற்பதாவது மனுவுக்கு யாருக்கும் இரக்கம் மிச்சம் இருக்காது. சொந்தத் துக்கத்தில் மனம் மரத்துப்போனவனும் கடமைக்காக உதவுவதைப் பற்றிக் கான்ட் எழுதியது புத்தகத்தில் வறட்சியாகத் தெரியும், அந்த ஹாலில் தெரியாது. உங்களுக்கு இரக்கம் வராத நாளிலும் அந்த மனுதாரருக்குக் கிடைக்க வேண்டியது கிடைப்பதற்கு என்ன ஏற்பாடு, யார் பொறுப்பு, எத்தனை நாளில் என்று எழுதுங்கள்.

கடைசியாக, இந்த முறையை எல்லாக் கேஸுக்கும் இழுக்காதீர்கள். ஒப்பந்ததாரர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸில் பணம் வைத்துக் கொடுத்தார், என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மாற்றிப் பார்க்க ஒரு விவரமும் இல்லை. திருப்பிக் கொடுப்பேன், எழுத்தில் பதிவு செய்வேன், மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன். அவர் சம்பந்தப்பட்ட டெண்டர் ஃபைல் என் மேஜையில் இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். நாலு வரியில் முடித்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போங்கள், நேரம் மிச்சம்.